ஒற்றைக் கைக்கு ஒரு மெத்தை

என் மாமியாரிடம் வாய் கொடுத்துத் தப்பித்தவர் யாரும் இல்லை. காலமெல்லாம் தியேட்டர் டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்து, கம்பிக்குள் இருந்தபடியே ஊரை மிரட்டியவர். குடித்துவிட்டு வருகிறவன்கூட அவர் முறைப்பைப் பார்த்தால் வரிசையில் ஒழுங்காக நின்றுவிடுவான். வீட்டிலும் அதே அதிகாரம்தான். அவர் துணியை அவரேதான் துவைப்பார், அவர் தட்டை அவரேதான் கழுவுவார். நான் கை வைத்தால், "ஏன், எனக்குக் கை இல்லையா?" என்பார். எங்களுக்குள் நடந்த சண்டைகளில் பாதி இதற்காகத்தான்.

அப்படிப்பட்டவருக்குத்தான் பக்கவாதம் வந்தது. இடது கையும் இடது காலும் விழுந்துவிட்டன. நாக்கு மட்டும் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. பார்க்க வந்த டாக்டரையே, "முதல்ல தலைய வாரிட்டு வாங்க" என்று விரட்டினார்.

வீட்டுக்கு அழைத்து வந்தபோது, தலைப்பக்கத்தை உயர்த்தக்கூடிய, இரண்டு பக்கமும் கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுத்தோம். மெத்தையை மட்டும் நாங்களே வாங்க வேண்டும். அதற்கு என் கணவரும் அவருடைய அக்காவும் கிளம்பினார்கள். அங்கேதான் வந்தது வினை.

கடையில் நடந்ததை நாத்தனாரே பெருமையாகச் சொன்னார். "தம்பி ஒவ்வொண்ணுலயும் படுத்துப் பாத்தான். இதுல படுத்ததும் தூங்கியே போயிட்டான். கடைக்காரர் தட்டி எழுப்பினார்னா பாத்துக்கோயேன்!" என் கணவர் பஸ் சீட்டு, கல்யாண வீட்டு நாற்காலி என்று எதில் சாய்ந்தாலும் குறட்டை விடுகிற மனிதர். அவர் தூங்கினார் என்பதற்காக ஒரு பஞ்சுப் பொதியை வாங்கி வந்திருந்தார்கள். "அம்மா பட்ட பாட்டுக்கு இனியாவது மெத்துனு படுக்கட்டும்" என்று நாத்தனார் கண் கலங்கினார். நானும் மண்டையை மண்டையை ஆட்டினேன்.

அத்தையை அதில் படுக்க வைத்தோம். ஆள் அப்படியே உள்ளே போய்விட்டார். மெத்தை இருந்த உயரத்துக்குக் கட்டில் கம்பி குள்ளமாகிவிட்டது. வலது கையால் அதைப் பிடித்துப் புரளப் பார்த்தார். குழியிலிருந்து உடம்பு ஏறவில்லை. "யாராவது வந்து திருப்பி விடுங்க!" என்று முதல் நாள் அதட்டலாகக் கூப்பிட்டார். அடுத்த நாள் மெதுவாக. அப்புறம் கூப்பிடவே இல்லை. நாங்களாகப் போய்த் திருப்பினால் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நாள் சாப்பாட்டில் வேண்டுமென்றே உப்புப் போடாமல் கொடுத்துப் பார்த்தேன். பேசாமல் விழுங்கினார். திட்டை எதிர்பார்த்து நின்ற நான் காலித் தட்டை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் வந்த நர்ஸ், அத்தையின் முதுகைப் பார்த்துவிட்டு என்னைத் தனியே கூப்பிட்டார். வால் எலும்புக்கு மேலே தோல் சிவந்திருந்தது.

"விட்டா புண்ணாயிடும். யாரு இவ்வளவு மெத்துனு வாங்கச் சொன்னது? அவங்களுக்கு ஒரு கை நல்லா இருக்கு. தானா பிடிச்சுத் திரும்பற மாதிரி கொஞ்சம் கெட்டியான ஃபோம் போடுங்க. ரொம்பக் கெட்டியும் வேண்டாம், எலும்பு அழுத்தும். கட்டிலைத் தூக்கினா கூடவே வளையணும்."

நர்ஸ் சொன்னதை நான் சொன்னதும் நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "எங்கம்மாவப் பலகையில போடச் சொல்றியா? மருமகதானே நீ!"

"ஆமா அண்ணி, மருமகதான். அவங்க என்னைத் திட்டாம இருந்தா எனக்குத்தான் முதல்ல தெரியும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினேன்.

கடையில் விற்பனையாளர், "கைய வச்சு அமுக்கிப் பாருங்க மேடம்" என்றார். கையா படுக்கப் போகிறது? துப்பட்டாவால் இடது கையை இடுப்போடு சேர்த்துக் கட்டினேன். அங்கே விற்பனைக்கு வைத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒவ்வொரு மெத்தையாகப் போடச் சொல்லிப் படுத்தேன். இடது காலை அசைக்காமல், வலது கையை எதிர்ப்பக்கக் கம்பிக்கு நீட்டி இழுத்தேன். முதல் இரண்டிலும் மல்லாந்த கரப்பான்பூச்சி மாதிரிதான் கிடந்தேன். கட்டில் பார்க்க வந்த புது ஜோடி ஒன்று சத்தமில்லாமல் நழுவியது.

"மேடம், உடம்புக்கு ஏதாவது..." என்று இழுத்தார் விற்பனையாளர்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. அடுத்ததப் போடுங்க."

மூச்சு வாங்கியபோதுதான் எனக்கு உறைத்தது. இதையேதான் அத்தை தினமும் செய்து பார்த்துத் தோற்றிருக்கிறார். அந்தக் கோபத்தில் அடுத்த மெத்தையில் ஓங்கி இழுத்தேன். கை இழுத்த இழுப்புக்கு உடம்பு வந்தது. கட்டிலை உயர்த்தினால் வளைகிறதா, கம்பி போதுமான அளவு மேலே நிற்கிறதா என்று பார்த்து அதையே எடுத்தேன்.

வீட்டில் அதைப் போட்டு அத்தையைப் படுக்க வைத்தோம். நாத்தனார் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். திருப்பிவிட என் கணவர் கிட்டே போனார்.

"தொடாதே" என்றார் அத்தை.

கையை நீட்டி எதிர்க்கம்பியைப் பிடித்தார். பாதி வரை வந்து, மறுபடி மல்லாந்து விழுந்தார். திரும்பவும் பிடித்துப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார். உடம்பு புரண்டது. முகம் சுவர்ப்பக்கம், முதுகு எங்கள் பக்கம்.

"அம்மா, இந்தப் பக்கம் பாரும்மா" என்று நாத்தனார் தேம்பினார்.

"மாட்டேன். இத்தனை நாளா மல்லாக்கக் கிடந்து உங்க மூஞ்சியத்தான் பாத்துட்டிருந்தேன். போதும், எல்லாரும் வெளிய போங்க."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நின்ற இடத்திலேயே ஓவென்று அழுதுவிட்டேன்.

"உனக்கும் சேத்துத்தான் சொன்னேன்" என்றார் அத்தை, திரும்பிப் பார்க்காமலே. "வெளிய போய் அழு."