அந்தப் படத்தைக் கழற்றுங்கள்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை, கோதண்டம் போய்விட்டார் என்று அவர் மகள் புவனா போனில் அழுதாள். காபி குடித்துவிட்டுத் தறிக்குப் போனவர், போய் உட்காரவேயில்லை. நான் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்புவதற்குள் எங்கள் தெரு வாட்ஸப் குழுவில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வந்து விழுந்தது. தறியில் உட்கார்ந்து பல் தெரியச் சிரிக்கிற கோதண்டம். கீழே ‘சாந்த சொரூபி’ என்று போட்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவரை அறிந்தவர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். கோதண்டமா சாந்தம்? ஆரணியில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத ஆள் உண்டா? டீயில் சர்க்கரை கூடினால்கூட டீக்கடைக்காரருக்கு அர்ச்சனை விழும். உயிரோடு இருந்தவரை அந்தக் கோபத்துக்குப் பயந்து ஒதுங்கிப் போனோம். இனி வாயைத் திறக்க மாட்டார் என்று தெரிந்ததும் சாந்தமாக்கிவிட்டோம்.

அந்தப் படத்தின் கதை எனக்குத் தெரியும். எனக்குப் பட்டுப்புடவைக் கடை. கோதண்டம் எனக்கு நெய்து கொடுத்தவர். சென்னையிலிருந்து கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்களை அவர் வீட்டுத் தறிக்குக் கூட்டிப் போவேன். தறியைப் பார்த்துவிட்டால் வியாபாரம் படிந்துவிடும். அவர்கள் படம் எடுக்கப் போனைத் தூக்குவார்கள். ‘கொஞ்சம் சிரிங்கண்ணா’ என்று சொன்னவன் நான்.

இரண்டு வருடம் முன்பு தெருவில் கோதண்டத்தையும் சேர்த்துப் பத்துப் பேர் அந்தமான் போனோம். ஒரு சின்னத் தீவில் தோட்டம் பார்க்கக் கூட்டிப் போனார்கள். பாக்கு, மிளகு, வாழை, நடுவே தென்னை. தோட்டக்காரர் வங்காளி, அறுபது வயதுக்கு மேல் இருக்கும். எங்களுக்காக மரம் ஏறி இளநீர்க் குலையை இறக்கினார். என் வீடியோவில் வெயில் அடித்துவிட்டது. இன்னொரு தடவை ஏறச் சொல்லுங்கள் என்று வழிகாட்டியிடம் சொன்னேன். ஏறினார். குறுக்கே யாரோ வந்துவிட்டார்கள். ‘ஒன் மோர்’ என்றேன். பெரியவர் சிரித்துக்கொண்டே மறுபடி மரத்தைக் கட்டிப் பிடித்தார். காலில் சிராய்த்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. நான் போன் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோதண்டம் பெரியவரின் காலைப் பார்த்தார். மரத்துக்கும் அவருக்கும் நடுவில் போய் நின்றார். ‘பஸ் பாய், போதும்’ என்று தெரிந்த இந்தியில் அவரை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

‘காய் வேணும்னா கீழ கெடக்குது பாரு. அப்புறம் இன்னாத்துக்கு அவர ஏத்திகினே கீற?’

‘அவரே சிரிச்சிகினுதானேண்ணா ஏர்றாரு’ என்றேன்.

‘உன் கஸ்டமரு வந்தா நானும்தான் சிரிக்கிறேன்’ என்றார்.

மற்றவர்கள் இளநீரை உறிஞ்சிக்கொண்டு நின்றார்கள். திரும்பும் கப்பலில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, ‘இனிமே என் தறிக்கு எவனையும் இட்டுகினு வராத’ என்றார். சரி என்றேன்.

அந்தச் சரி ஆறு மாதம்கூடத் தாங்கவில்லை. ஒரு கல்யாண வீட்டார் தங்கள் புடவை நெய்வதைப் பார்த்தே ஆகவேண்டும் என்றார்கள். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நேரே உள்ளே கூட்டிப் போனேன். பெண்ணின் அண்ணன் போனைப் பிடித்துக்கொண்டு, ‘சத்தம் பத்தல, இன்னும் ஓங்கி அடிங்க’ என்றான். கோதண்டம் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். அவன் போதும் என்கிறவரைத் தறிப் பலகையை ஓங்கி அடித்தார். குறுக்கே ஓடும் ஊடை இழை நெருங்கி, புடவையில் ஒரு விரல் அகலத்துக்குப் பட்டை விழுந்தது. அப்படி அடித்தால் விழும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

புடவையை முடித்துக் கோதண்டமே கடைக்குக் கொண்டுவந்தார். கல்யாண வீட்டார் பட்டையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். நான் அவர்கள் எதிரிலேயே, ‘நெய்யறப்ப கவனம் வேணும்ண்ணா’ என்று அவரைச் சொன்னேன். இதை எழுதும்போதும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. புடவையை மடித்து என் கையில் வைத்தார்.

‘இது நீ நெய்ஞ்சது. நீயே வெச்சிக்க.’

அதோடு எனக்கு நெய்வதையும் விட்டார், பேசுவதையும் விட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அதே டீக்கடையில் எதிரெதிரே நின்று டீ குடித்தோம். மன்னிப்புக் கேட்க அவ்வளவு நாள் இருந்தும் எனக்கு வாய் வரவில்லை.

தெருமுனை பேனரிலும் அதே சிரிப்பைப் போட்டிருந்தார்கள். நான்தான் கிழித்தேன். குடித்துவிட்டு வந்திருக்கிறான் என்றார்கள், சொல்லிக்கொள்ளட்டும். புவனாவிடம் வேறு படம் கேட்டேன். ஆதார் அட்டைப் படம்தான் இருந்தது. அதில் முறைத்துக்கொண்டிருக்கிறார். இப்போது முனையில் இருப்பது அதுதான். போகிறபோதும் வருகிறபோதும் என்னை முறைக்கிறார், முறைக்கட்டும்.

காரியம் முடிந்த அன்று புவனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். ‘அப்பா நெய்ஞ்ச பொடவை ஒண்ணு உங்க பீரோவுல கீதாமே சித்தப்பா. குடுத்தீங்கன்னா நான் வெச்சிக்குவேன்.’

என் மனைவியிடம் அவர் நெய்த புடவை ஒன்று இருந்தது, ஒரு குறை சொல்ல முடியாது. அதை வாங்கிப் புவனா கையில் கொடுத்தேன்.

‘அப்ப பீரோவுல கீறது?’

‘அது உங்கப்பா நெய்ஞ்சது இல்லம்மா’ என்றேன். ‘நான் நெய்ஞ்சது.’