செனட்டர் எடுத்துக்கொண்ட சாப்பாட்டுப் பெட்டி

செனட்டர் ராய்ஸ் டன்னிகன் முதன்முதலில் வெல்டன் ஊருக்கு வந்தபோது அவர் பேச்சைக் கேட்க ஏழு பேர் கூடினார்கள். கூடிய இடம் ஆர்டிஸ் ஹாவ்லிசெக்கின் சமையலறை. அந்த ஏழு பேரில் ஒருவர் ஹீட்டர் ரிப்பேர் பார்க்க வந்தவர். சூடாகக் காபி கிடைத்ததால் உட்கார்ந்துவிட்டார்.

அயோவாவில் இது புதிதில்லை. ஜனாதிபதி ஆசை வந்த ஒவ்வொரு செனட்டரும் முதலில் இங்கேதான் வந்து யாருடைய காபியையாவது குடித்தாக வேண்டும். ஆர்டிஸ் பலரைப் பார்த்திருக்கிறாள். ஃப்ரிட்ஜ் கதவுத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் ரப்பர் ஓரம் ஒட்டியவள், தொழிற்சங்கச் செயலாளர். ஆலையை மூடிப் பக்கத்து நாட்டுக்குக் கொண்டுபோன பிறகு பள்ளிப் பேருந்து ஓட்டினாள். கட்சி வேலையை மட்டும் விடவில்லை. வந்துபோன பெரிய மனிதர்களில் தட்டைக் கழுவித் துடைத்து வைத்தவர் டன்னிகன் ஒருவர்தான்.

அப்படித் துடைத்துக்கொண்டிருந்தபோதுதான் அவள் தன் கணவன் வெர்லினைப் பற்றிச் சொன்னாள். வெர்லின் அதே ஆலையில் பெயின்ட் பிரிவில் இருந்தவன். ஆலை மூடிய மறு திங்கட்கிழமை, வழக்கம்போல எழுந்து, தகரச் சாப்பாட்டுப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான். ஏதோ வேலை தேடப் போகிறான் என்று நினைத்தாள். ஒருநாள் அந்தப் பக்கமாகப் பேருந்தைத் திருப்பியபோது பார்த்தாள். பூட்டிய கேட்டுக்கு எதிரே தன் வண்டியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். ஷிப்ட் முடிகிற நேரத்துக்கு வீடு திரும்பினான். வசந்தகாலம் முழுக்க அப்படித்தான். அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

டன்னிகன் கையில் துண்டோடு அப்படியே நின்றார். அவர் கண் கலங்கியது நடிப்பில்லை என்று ஆர்டிஸ் பின்னால் எத்தனையோ முறை தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்த மாதமே அந்தப் பெட்டி பேச்சில் வந்தது. வெல்டனில் வெர்லின் என்று ஒரு மனிதர், என்று ஆரம்பிப்பார். கூட்டம் அடங்கிவிடும். முதலாளிகளையும் அவர்களுக்குக் கதவு திறந்துவிட்ட இரு கட்சிகளின் தலைவர்களையும் பெயர் சொல்லித் திட்டுவார். கூட்டம் எழுந்து நிற்கும். கட்சிப் பெரியவர்கள் சிரித்தார்கள். மாவட்டத் தலைவர் கார்டன் தீசன், ஊரின் ஒரே வக்கீல், அவரைச் சந்தைக் கூச்சல்காரர் என்றார். ஆனால் கூட்டம் வளர்ந்தது. சமையலறை போய்ச் சர்ச் கூடம், அது போய்ப் பள்ளி மைதானம். கோடை முடிவதற்குள், கட்சியில் டன்னிகனைத் திட்டுகிறவர்கள்கூடக் குரலைத் தாழ்த்தித் திட்டினார்கள்.

ஊரில் அதன் விலையைக் கொடுத்தவன் வெர்லின். பெட்ரோல் பங்கில் காலை காபிக்கு உட்காரும் கூட்டம் சும்மா விடுமா. "என்னப்பா வெர்லின், இன்னிக்கு கேட்டுக்குப் போகலியா? சாப்பாடு ஆறிடப்போகுது" என்பான் டுவேன் பெட்ஸ்கா. வெர்லினும் சேர்ந்து சிரித்துவைத்தான். வீட்டுக்கு வந்து ஒரே ஒரு முறை கேட்டான்.

"அதை ஏன் சொன்னே?"

"அதைச் சொன்னதாலதான் ஜனங்க நின்னு கேக்கறாங்க, வெர்ல்."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

ஆர்டிஸிடம் பதில் இருந்தது. ஊரைவிட்டு ஓடும் கம்பெனிகளுக்கு வரி போடும் சட்டம், திரும்பத் திறக்கும் ஆலைகள், ஜெயித்ததும் முதலில் வெல்டனுக்கு வருவதாக அவர் கொடுத்த வாக்கு. இத்தனைக்கும் முன்னால் ஒருத்தனுடைய வெட்கம் பெரிதா? இதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குப் புரிந்துவிட்டது.

நவம்பரில் தொலைக்காட்சி விவாதம். நாடே பார்த்துக்கொண்டிருந்தது. டன்னிகன் கேமராவை நேராகப் பார்த்து, என் அப்பா, என்று ஆரம்பித்தார். ஆலை மூடிய மறு திங்கட்கிழமை என் அப்பா தகரப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெர்லின் ரிமோட்டைத் தேடவில்லை. எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தான்.

மறுநாள் காலை ஆர்டிஸ் பிரச்சாரப் பொறுப்பாளர் கீரன் வாஸைப் பிடித்தாள். செனட்டரின் அப்பா ஆயுள் காப்பீடு விற்றவர் என்பது இருவருக்கும் தெரியும். கீரன் மறுக்கவில்லை. ஒரு வாடகைக் காரைப் பற்றிப் பேசுகிற தொனியில் விளக்கினான்.

"அடுத்தவர் கஷ்டத்தைச் சொன்னா அது பேச்சு, ஆர்டிஸ். அப்பா கஷ்டத்தைச் சொன்னா அது அவரோட வாழ்க்கை. கருத்துக்கணிப்புல அது அப்படியே தெரியுது. நாம தோத்துட்டா வெர்லினுக்கு என்ன கிடைக்கப்போகுது, சொல்லுங்க?"

அந்தக் கடைசிக் கேள்வி மாத்திரம் பொய்யில்லை என்று அவளுக்குப் பட்டது. அங்கேதான் சறுக்கினாள், விஷயத்தை அதோடு விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. இத்தனை மாதமாக வெர்லினைக் கிண்டலடித்த அதே காபி மேஜை இப்போது தொலைக்காட்சியை நம்பியது. "செனட்டரோட அப்பன் கதையை எடுத்து உன் பேர்ல விட்டுட்டு இருந்தியாமே" என்றான் டுவேன். "பொண்டாட்டி கட்சிக்காரின்னா எதை வேணா சொல்லிக்கலாமா?" எல்லாரும் சிரித்தார்கள். அந்த வசந்தகாலத்தில் டுவேன் தினமும் அந்தக் கேட்டைக் கடந்து போனவன். வண்டியைப் பார்த்துக் கையசைத்தவன். இப்போது அது அவனுக்கே நினைவில்லை. அன்றோடு வெர்லின் பெட்ரோல் பங்குக்குப் போவதை நிறுத்தினான். மளிகைக் கடையில் அலமாரி அடுக்கும் வேலைக்கு மட்டும் போய்வந்தான்.

ஜனவரியில் காகஸ், கட்சியின் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். அயோவாவில் அந்தத் தேர்வுக்கு வாக்குப்பெட்டி கிடையாது. பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில், அக்கம்பக்கத்தார் கண்ணெதிரே, பிடித்த வேட்பாளரின் மூலைக்குப் போய் நிற்க வேண்டும், தலையை எண்ணுவார்கள், அந்தக் கணக்குப்படி ஒவ்வொரு மூலைக்கும் கட்சி மாநாட்டுப் பிரதிநிதிகள் கிடைப்பார்கள். ஆள் போதாத கூட்டம் கலைந்து வேறு மூலைக்குப் போகலாம், அல்லது வீட்டுக்குப் போகலாம். அந்த இடைவெளியில் மற்ற மூலைக்காரர்கள் வந்து கையைப் பிடித்து இழுப்பார்கள். ஆர்டிஸ் அதற்கென்றே வேர்க்கடலை வெண்ணெயும் சாக்லெட்டும் போட்டு வில்லை செய்து கொண்டுவந்திருந்தாள். டன்னிகன் மூலைக்கு அவள்தான் தலைவி. மாநிலத் தலைநகர் டி மாய்னிலிருந்து ஒரு தொலைக்காட்சிக் கேமராவும் வந்திருந்தது.

முதல் எண்ணிக்கை முடிந்தது. டன்னிகன் மூலைக்கு இன்னொரு பிரதிநிதி கிடைக்க ஒரே ஓர் ஆள் குறைந்தது. எதிர்மூலையில் தீசன் மகிழ்ச்சியாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அப்போதுதான் யாரோ ஆர்டிஸின் தோளைத் தொட்டுக் காட்டினார்கள்.

கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே, எவருக்கும் ஆதரவில்லை என்று எழுதிய அட்டைக்குப் பக்கத்தில், ஒரே ஒருவன் நின்றிருந்தான். வெர்லின். வருவதாக அவன் சொல்லவே இல்லை. தனி ஆள் என்பதால் அவன் மூலை கலைந்தாகிவிட்டது.

கூடம் முழுக்க ஒரு சிரிப்பு ஓடியது. சொந்தப் புருஷனைத்தானே இழுக்க வேண்டும், இது என்ன பிரமாதம் என்று டன்னிகன் மூலையில் தட்டிக் கொடுத்தார்கள். ஆர்டிஸ் தட்டை ஏந்திக்கொண்டு தளத்தைக் கடந்தாள். கேமராவும் கூடவே திரும்பியது.

"ஒரே ஒரு ஆள் குறையுது, வெர்ல்."

"தெரியும். நானும் எண்ணிட்டுதான் நிக்கறேன்."

"வா. எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கணும்னுதான் வந்தேன்." அவன் குரலை உயர்த்தவில்லை. "அதோ மைக் இருக்கு. அந்தப் பெட்டி யாரோடதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. வந்து உன் மூலையில நிக்கறேன். அவன் ஜனாதிபதியா ஆகட்டும், நான் குறுக்கே வரலை. டுவேன் இருக்கான், தீசன் இருக்கார், ஊரே இருக்கு. ஒரே ஒரு வார்த்தை."

ஆர்டிஸ் மைக்கைப் பார்த்தாள். அதற்குப் பின்னால் நின்ற கீரன் மெல்லத் தலையை ஆட்டினான், வேண்டாமென்று. கேமராவின் சிவப்பு விளக்கு எரிந்தது. இங்கே சொல்கிற வார்த்தை விடிவதற்குள் எங்கெல்லாம் போகும் என்று அவளுக்குத் தெரியும். பொய்யன் என்ற ஒரு சொல்லுக்காகத்தான் கட்சிப் பெரியவர்கள் இத்தனை நாளாகக் காத்திருக்கிறார்கள். எதிரே நின்ற மனிதனையும் அவளுக்குத் தெரியும். வாழ்க்கையில் அவன் எதையும் கேட்டதில்லை. கேட்காதவன் பொறுத்துக்கொள்வான்.

"கூட்டம் முடியட்டும்" என்றாள். "எல்லார்கிட்டயும் நானே சொல்றேன்."

"அப்ப கேக்க யார் இருப்பா, ஆர்டிஸ்?"

அவன் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டான். தட்டிலிருந்து ஒரு வில்லையை எடுத்துக் கடித்தான். "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டு, கூடத்தின் நடுவாக நடந்து வெளியே போனான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஓர் ஆள் குறைந்தது குறைந்ததுதான். அதனால் ஒன்றும் ஆகவில்லை. டன்னிகன் அயோவாவை யாரும் நினைக்காத வித்தியாசத்தில் ஜெயித்தார். வெல்டனின் அந்த ஒரு பிரதிநிதியை யாரும் தேடவில்லை. ஆர்டிஸ் பேசாமல் இருந்தது எவருக்கும் தேவைப்பட்டிருக்கவில்லை.

வசந்தகாலத்துக்குள் மற்ற வேட்பாளர்கள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். சந்தைக் கூச்சல்காரர் என்றவர்கள் மக்கள் குரல் என்றார்கள். தீசன் டன்னிகன் பேட்ஜைக் கோட்டில் குத்திக்கொண்டு, இந்த மனிதரை ஆரம்பத்திலேயே அடையாளம் கண்டவன் நான் என்று உள்ளூர் வானொலியில் பேட்டி கொடுத்தார். தேசிய மாநாட்டுக்குப் போகும் இடமும் அவருக்கே கிடைத்தது. ஆர்டிஸுக்கு நன்றி சொல்லி மின்னஞ்சல் வந்தது. ஆயிரம் பேருக்குப் போன அதே மின்னஞ்சல்.

ஜூனில் கீரன் தொலைபேசியில் அழைத்தான். மாநாட்டு மேடையில் செனட்டர் பேசும்போது அப்பாவின் பெட்டி மேஜைமேல் இருக்க வேண்டும். அப்படி ஒரு பெட்டி அவர் வீட்டில் இல்லை. கடையில் வாங்கினால் புதுசு என்று தெரிந்துவிடும். "உங்க வீட்டுல அது இன்னும் இருக்கா, ஆர்டிஸ்? பத்திரமா திருப்பி அனுப்பிடுவோம்."

அவள் பதில் சொல்வதற்குள் சமையலறை வாசலில் வெர்லின் நின்றிருந்தான். எதிர்முனைப் பேச்சு அவன் காதிலும் விழுந்திருந்தது.

"இருக்குன்னு சொல்லு" என்றான்.

ஆர்டிஸ் ரிசீவரைக் கையால் மூடினாள். "வேண்டாம், வெர்ல். மறுத்துடறேன்."

"எதுக்கு? அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நீதானே ஒண்ணும் சொல்லலை. அப்ப அது அவங்கப்பாவோடதுதான்."

வார்த்தையில் கோபமே இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. போனில், அனுப்புகிறேன் என்றாள்.

அவன் கராஜுக்குள் போனான். வெகுநேரம் வரவில்லை. திரும்பி வந்து பெட்டியை மேஜைமேல் வைத்தான். கழுவித் துடைத்திருந்தான். பழைய செய்தித்தாளில் சுற்றுவதற்காக ஆர்டிஸ் மூடியைத் திறந்தாள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம், மூடியின் உட்பக்கம் ஆணியால் கீறிய அவன் பெயர் இருக்கும். அந்த இடம் வெள்ளி மாதிரி பளபளத்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தான். அவன் விரல் நகங்களில் இன்னும் தகரத் தூள் ஒட்டியிருந்தது.

"வெளிச்சத்துல பிடிச்சுப் பாரு" என்றான். "இன்னும் எங்கயாவது தெரியுதா?"