அவள் பார்க்காத காட்சி

கோவையில் மகள் வீட்டுக் கூடத்தில் சுவர் அகலத்துக்கு ஒரு டிவி மாட்டியிருக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் என்னை சோபாவில் உட்காரவைத்து ஒரு படம் போட்டாள். கதாநாயகன் ஏதோ பேச வாயைத் திறந்தான், வாசலில் காலிங்பெல் அடித்தது. மகள் ரிமோட்டை அமுக்கினாள். பல் டாக்டரிடம் வந்தவன் மாதிரி அவன் அப்படியே நின்றுவிட்டான். கூரியர்க்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போகும்வரை வாயை மூடவே இல்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சரசு ஞாபகமும் வந்துவிட்டது. சரசு என் மனைவி. அவள் போய் மூன்று வருடமாகிறது.

நாங்கள் வெள்ளகோவிலில் இருந்த நாட்களில் படம் யாருக்காகவும் நிற்காது. எனக்கு நூல் மில்லில் வேலை. ஞாயிறு லீவுக்கு மதிய ஆட்டம் போவோம். பீடிப் புகையும் முறுக்கு வாசமும் கலந்து அடிக்கிற கொட்டகை. மூட்டைப்பூச்சிகளும் எங்களோடு உட்கார்ந்து படம் பார்க்கும். மகள் அப்போது கைக்குழந்தை. இன்றைக்கு ரிமோட்டைக் கீழே வைக்காத இதே மகராசி, அன்றைக்கு விளக்கை அணைத்ததும் ஊரைக் கூட்டிவிடுவாள்.

அழுகிற பிள்ளையைத் தாய்தான் வெளியே தூக்கிப் போக வேண்டும் என்பது கொட்டகை வழக்கம். அப்பன்காரன் எவனும் எழுந்து நான் பார்த்ததில்லை. நானும் எழுந்ததில்லை, இதைச் சொல்ல இப்போது வெட்கமாக இருக்கிறது. வாசலில் தொங்கும் கறுப்புத் துணியை விலக்கி, தன் தலை உள்ளேயும் பிள்ளை வெளியேயுமாகச் சரசு நிற்பாள். "வெளிச்சம் அடிக்குதுங்க அம்மணி, துணிய இழுத்து உடுங்க" என்று யாராவது சொல்வார்கள். அந்தத் தலையும் மறைந்துவிடும்.

திரும்பும்போது சைக்கிள் கேரியரில் பிள்ளையோடு உட்கார்ந்துகொண்டு, "ஏனுங்க, நான் வெளிய போனப்பறம் என்னாச்சுங்க?" என்பாள். மிதித்துக்கொண்டே சொல்வேன். எதிர்காற்று அடித்தால் சண்டைக் காட்சியை இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவேன்.

ஒரு படத்தில் கதாநாயகனின் தங்கச்சி பிரசவத்தில் இறந்துபோகிறாள். சரசு அந்நேரம் வெளியே நின்றிருந்தாள். அவளுடைய சொந்தத் தங்கச்சி பிரசவத்தில் போய் ஆறு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. அன்றைக்கு அவள் கேட்டபோது எனக்கு உண்மை வாயில் வரவில்லை.

"பையன் பொறந்திருக்கறான். ரெண்டு பேரும் சௌக்கியம்."

"அப்பறம் அந்தப் புள்ளையக் காட்டவே இல்லையேங்க?"

"புருசன் ஊருக்குப் போயிட்டா. அங்கெல்லாம் போயா காட்டுவாங்க?"

நம்பிவிட்டாள். அதோடு விட்டாளா? அக்கம்பக்கமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னாள். படம் பார்த்த யாராவது மறுத்தால், "நீங்க சரியாப் பாக்கலீங்க" என்று அடித்துப் பேசுவாள். நான் மெல்ல அந்த இடத்தைவிட்டு நழுவிவிடுவேன்.

பல வருடம் கழித்து ஒரு மதியம் வீட்டு டிவியில் அதே படத்தைப் போட்டார்கள். வேறு சேனல் வைக்கலாம் என்றேன். "நல்ல படமுங்க, உக்காருங்க" என்றாள். கரண்ட் போகட்டும் என்று இருக்கிற சாமியையெல்லாம் வேண்டிக்கொண்டேன். தினமும் போகிற கரண்ட் அன்றைக்குப் போகவில்லை. தூக்கிக்கொண்டு வெளியே போகப் பிள்ளையும் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. சரசு அந்தக் காட்சியை முழுதாகப் பார்த்தாள்.

"பொய் சொல்லிப்போட்டேன் சரசு" என்றேன்.

முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இத்தன வருசம் அவளாச்சும் நல்லா இருந்தாளேங்க" என்றாள்.

அந்தக் கொட்டகை இப்போது கல்யாண மண்டபம். துணி தொங்கிய இடத்தில் வாழைமரம் கட்டுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கூரியர் போன பிறகு படம் மறுபடி ஓடியது. கொஞ்ச நேரத்தில் மகளுக்கு போன் வந்தது. "நிறுத்த வேண்டாம், நீங்க பாருங்கப்பா" என்று சொல்லிவிட்டு பால்கனிக்குப் போனாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஒரு வசனம் விடாமல் கவனித்தேன், எங்கே ஆரம்பித்து எப்படிச் சொல்வது என்றுகூட மனதுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டேன். அவள் வந்து உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமினேன்.

"அம்மணி, அந்தப் பையன் என்ன பண்ணிப்போட்டான்னா..."

"சொல்லாதீங்கப்பா, நானே பாத்துக்கறேன்" என்று ரிமோட்டை எடுத்தாள். படம் அவள் எழுந்துபோன இடத்துக்கே திரும்பி வந்து நின்றது. என்னாச்சுங்க என்று என்னிடம் கேட்க இனி யாரும் இல்லை.