பந்துப் பையில் பிடித்த காற்று

என் அக்காள் வீட்டுக்காரரை நினைத்தால் முதலில் கண்ணில் வருவது அவர் முகம் அல்ல, கால்பந்துக்குள் வைக்கும் ஒரு ரப்பர் பை. கல்லூரி விளையாட்டுக்காரர்களிடம் கெஞ்சி வாங்கி, ஆய்வுக்கூடக் குழாயின் நுனியில் நூலால் கட்டியிருந்தார். சிதம்பரத்தில் ரசாயனம் சொல்லிக்கொடுத்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

அப்போது இரண்டாம் உலகச் சண்டைக் காலம். பெட்ரோல் கிடைக்காமல், கடலூருக்கு நான் ஓட்டிய பஸ் கரியடுப்பைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதன் புகையில் முக்கி முனகி ஓடியது. ஆனால் எங்கள் பக்கத்தில் மல்லாட்டைக்கு, அதுதான் வேர்க்கடலைக்கு, என்ன பஞ்சம்? அதன் எண்ணெயை ஆவியாக்கி, பக்குவப்படுத்திய சூடான களிமண் வழியே விட்டால், எண்ணெய் உடைந்து பெட்ரோல் மாதிரி ஒன்று சொட்டும் என்று மாமா கண்டிருந்தார். அடுப்பை அடக்கி எரித்தால் சீசாவில் சொட்டும். சூட்டை ஏற்றி எண்ணெயை வேகமாக விட்டால் சொட்டு குறைந்து காற்று பெருகும். அந்தச் சூட்டில் எண்ணெய் தங்கி நின்றாலோ, மண்ணெல்லாம் கரி. "மண்ணு ஒண்ணுதான் மச்சான், நாம நடத்துற மாதிரிதான் அது குடுக்கும்" என்பார். எங்களுக்கெல்லாம் சொட்டு வேண்டும். அவருக்கோ அந்தக் காற்றின் மேல்தான் கிறுக்கு. ஓலிஃபின் என்று அதற்குப் பெயர் சொல்வார்.

கடலூர் எண்ணெய் மில் முதலாளி ஒருவரை, அவர் மில் எண்ணெய் ஒரு டின்னோடு, நான்தான் பேசி அழைத்து வந்தேன். சீசா நிறைந்தால் பெரிய உலை போட்டுத் தருவார். இல்லாவிட்டால் ஆய்வையே நிறுத்திவிடுவதாகக் கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். "அடுப்பக் கூட்டாதீங்க மாமா, கையெடுத்துக் கும்புடுறேன்" என்று படித்துப் படித்துச் சொன்னேன். சரி சரி என்றார்.

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. சீசாவின் அடியில் மஞ்சளாகக் கொஞ்சம் சேர்ந்தது. முதலாளிக்கு வாயெல்லாம் பல். அப்போதுதான் அந்தப் பாழாய்ப்போன பை அவர் கண்ணில் பட்டது.

"இது என்னாத்துக்குங்க, பந்து பையி?"

கேட்டாரே ஒரு கேள்வி! மாமாவின் முகம் மலர்ந்துவிட்டது. கேட்டவனைப் பதில் இல்லாமல் அனுப்பத் தெரியாத மனிதர். அடுப்பைக் கூட்டினார், எண்ணெயைத் திறந்துவிட்டார். பை உப்பியது, சொட்டு நின்றது. பையை அமுக்கிக் காற்றைச் செம்பழுப்பான புரோமின் தண்ணீருக்குள் விட்டார். நிறம் போய்த் தண்ணீர் தெளிந்தது; அது ஓலிஃபின்தான் என்பதற்கு அதுவே அத்தாட்சி. "பாருங்க! நாளைக்கு ஒலகத்துல பாதி சாமான் இதுல இருந்துதான் செய்யப் போறாங்க" என்று சிரித்தார்.

"என் எண்ணெயக் காத்தாப் பறக்கவுட்டுட்டு வேடிக்கை காட்டுறீங்களே சார்" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு முதலாளி கிளம்பிவிட்டார்.

அந்த வாரமே கல்லூரியில் மாமாவின் ஆய்வு அடுப்பைப் பிரித்துப் போட்டார்கள். "அந்தாளு கேக்காமயே இருந்திருக்கக் கூடாதா" என்று அக்காள் மாய்ந்து போனாள். மாமா யாரையும் குறை சொல்லவில்லை. மீதிக் காற்றோடு பையை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னலில் தொங்கவிட்டார். அது சுருங்கிச் சுருங்கி வற்றியது. பிறகு சண்டை ஓய்ந்தது, பெட்ரோலும் வந்தது. அவர் பாடம் நடத்தினார், ரிட்டயர் ஆனார், போய்ச் சேர்ந்தார். அப்படி ஓர் அடுப்பை மட்டும் மறுபடி மூட்டவேயில்லை.

நேற்று மருமகள் மல்லாட்டை எண்ணெய் வாங்கி வந்தாள், பாலிதீன் பாக்கெட்டில். அந்தப் பாலிதீனை மாமாவின் ஓலிஃபின் காற்றிலிருந்துதான் செய்கிறார்கள். கையில் வாங்கிப் பார்த்தேன். அந்தப் பை மாதிரியே உப்பி, மெத்தென்று இருந்தது. அவள் மூலையைக் கத்தரித்து எண்ணெயை ஊற்றிக்கொண்டு வெறும் பாக்கெட்டைக் குப்பையில் போட்டாள். நான் அதை எடுத்துக் கழுவி, ஜன்னலில் காயப் போட்டேன்.

"இது என்னாத்துக்கு மாமா?" என்றாள்.

அதற்கு ஆசை ஆசையாகப் பதில் சொல்லக்கூடிய என் மாமா இப்போது இல்லையே.