ஜிஷாவின் பெயர் வந்த பக்கம்

மொட்டைமாடியில் துணி காயப்போடும் கம்பிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் ஜிஷா நடந்துகொண்டிருக்கிறாள். கையில் அச்செடுத்த தாள்கள். ஆங்கில வாக்கியங்களை வாய்விட்டுப் படிக்கிறாள். வாக்கியம் முடியுமுன் மூச்சு முட்டினால் நின்று பென்சிலால் ஒரு கோடு இழுக்கிறாள். அடுத்த மாடியில் வற்றல் காயவைக்கும் ஷைஜா, "ஒனக்க ஜெபம் முடிஞ்சா?" என்று கேட்கிறாள். "இல்லக்கா, இன்னும் ரெண்டு அதிகாரம் கெடக்கு" என்று இவளும் சிரிக்காமல் பதில் சொல்கிறாள்.

நானும் ஜிஷாவும் நாகர்கோவிலில் ஒன்றாக ஆங்கிலம் படித்தவர்கள். நான் பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். அவளையும் அதற்குத்தான் எல்லாரும் பிடித்துத் தள்ளினார்கள். அசையவில்லை. முதலில் பேராசிரியர்களின் ஆய்வேடுகளைத் திருத்தினாள். அப்புறம் ஒரு சென்னை நிறுவனம் அனுப்பிய, தலையும் வாலும் புரியாத மருத்துவக் கட்டுரைகள். இப்போது டெல்லிப் பதிப்பகம் ஒன்று திருத்தப் புத்தகங்களைத் தருகிறது. பிடிவாதக்காரி. ஒரு மழையைச் சொல்ல இரண்டு வரி போதுமென்றால் மூன்றாவதை விட்டுவைக்க மாட்டாள். ஆனால் எழுதியவரின் பேச்சுச் சாயல் போய்விட்டதாகத் தோன்றினால் தன் திருத்தத்தையே அழித்துவிடுவாள்.

புத்தகம் அச்சாகி வந்ததும் முதலில் புரட்டுவது அவள் அப்பா ரசலையன். கீழே இரும்புக்கடை வைத்திருக்கிறார். முன்னால் பார்ப்பார், பின்னால் பார்ப்பார். "ஒனக்க பேரு எங்க மக்கா?" என்பார். அவளுக்கும் அந்தக் கவலை உண்டு. வேறு பதிப்பகத்தில் வேலை கேட்டால், எந்தப் புத்தகம் செய்தாய் என்கிறார்கள். காட்டுவதற்கு ஒரு வரி கிடையாது. எனக்கே ஆத்திரமாக வரும்.

இந்த முறை அவள் பெயர் வந்தது. குவைத்தில் நர்ஸாக இருந்து ஓய்வுபெற்ற கருங்கல் ஊர்க்காரர் சத்தியபாய் தன் வாழ்க்கையை ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கம் முழுக்க இவளைப் பற்றித்தான். தலைப்பே 'என் எடிட்டர் ஜிஷா'. இவள் அப்பாவிடம் சொல்லியாயிற்று. அவர் ஆணி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லியாயிற்று.

நேற்று பதிப்பகத்திலிருந்து தகவல் வந்தது: ஒரு பக்கம் கூடுகிறது, குறைக்க வேண்டும். அச்சில் பதினாறு பக்கம் சேர்ந்தது ஒரு பாரம். ஒரே ஒரு பக்கத்துக்காக இன்னொரு பாரம் ஓட்ட மாட்டார்கள். பெட்டி கட்டுகிற பக்கத்தை எடுத்துவிடலாமே என்று அவர்களே வழியும் காட்டியிருந்தார்கள்.

"எடுத்துப் போடேன்ட்டி" என்றேன் நானும். விடுமுறைக்கு ஊர் வரும் நர்ஸுகள் அட்டைப்பெட்டியில் சோப்பும் தைலமும் போர்வையும் திணிக்கிறார்கள். நாலு பேர் மூடிமேல் ஏறி உட்காருகிறார்கள். பூங்கனி என்கிற அறைத்தோழி கயிறு கட்டுகிறாள். அவ்வளவுதான் அந்தப் பக்கம்.

"பூங்கனி அந்த ஒரு பக்கத்துலதான் வாறா, கேட்டியா? எல்லாருக்க பெட்டியும் கெட்டிக் குடுத்தவ. அவ மட்டும் திரும்பி வரல்ல. அங்கயே மரிச்சுப் போனா."

"ஒனக்க பேரும் இந்த ஒரு பக்கத்துலதான்ட்டி வருது."

ஜிஷா தாள்களைத் தொட்டிமேல் வைத்துவிட்டு சத்தியபாயை போனில் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"அக்கா, கடைசிப் பக்கத்த எடுக்கட்டா?"

மறுமுனையில் சத்தியபாய்: "அது நான் ஒனக்காக்கும் எழுதினேன் மக்கா."

"எனக்குத்தானே? நான் வாசிச்சாச்சுல்லா."

போனை வைத்துவிட்டு அறைக்குள் போய் மடிக்கணினியைத் திறந்தாள். அந்தப் பக்கத்தை ஒருமுறை முழுக்க, வாய்விடாமல் படித்தாள். அழித்தாள். பிறகு புத்தகத்தின் முன்பக்கத்துக்குப் போய், பொருளடக்கத்தின் கடைசி வரியில் அந்தப் பக்கத்தின் தலைப்பாக இருந்த தன் பெயரையும் அழித்தாள்.