கொட்டகைக் கூரையில் ஐந்து நாள்

என் கணவர் கதிரவனைத் தலத்தெருவிலும் தருமபுரத்திலும் கடைசிவரை போஸ்ட்மேன் என்றே கூப்பிட்டார்கள். தபால் துறையில் அவருக்கு நிரந்தர வேலை ஒருநாளும் கிடைக்கவில்லை. விடுப்பில் போகிறவர்களுக்குப் பதிலாளாக நின்று ஏழு வருடம் தபால் கொடுத்தார். ஆள் எடுத்தபோது பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைப் பார்த்தார்கள். இவருடையது முந்நூற்று நாற்பத்தொன்று. நானூற்றுத் தொண்ணூறு வாங்கிய ஒரு பெண் வந்து சேர்ந்தாள். எந்தச் சந்தில் எந்த வீடு என்று அவளுக்கு ஒரு வாரம் கூடவே போய்க் காட்டிவிட்டு, இவர் பழைய மொபெட் ஒன்று வாங்கினார். நாகப்பட்டினத்திலிருந்து வரும் கூரியர் பைகளை எடுத்துச் சொந்தமாக வீடு வீடாகக் கொடுக்கத் தொடங்கினார்.

"சம்பளம் இல்லாத போஸ்ட்மேன் வந்துட்டாரு, மோர் கொண்டாடி" என்பார் தருமபுரத்துச் சோமசேகரன் சார்.

"பென்ஷனும் இல்லாத போஸ்ட்மேன்னு சேத்துச் சொல்லுங்க சார். ஒரு டம்ளர் கூடக் கெடைக்கும்" என்பார் இவர்.

தபால் தாமதமானால் ஜனங்கள் தபாலாபீசைத் திட்டுவார்கள், தன் கவர் தாமதமானால் கதிரவனைத்தான் திட்டுவார்கள் என்று அவர் அடிக்கடி சொல்வதுண்டு. "எனக்கு ஒளிய எடமில்ல ப்ரியா." சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

நாலு வருடத்துக்கு முந்தைய ஐப்பசி. ஒரு வீட்டார் ஊருக்குள் கொடுப்பதற்காக ஒப்படைத்த கல்யாணப் பத்திரிகைகள், மஞ்சள் தடவியவை, எங்கள் கூடத்தில் அடுக்கியிருந்தன. திங்கட்கிழமை வந்த பையில் ஒரு கருமாதிக் கடிதம் இருந்தது. உறையின் நாலு மூலையிலும் கறுப்பு மை. தலத்தெரு அன்னபூரணி அம்மாளுக்கு.

"மஞ்சத் தடவினது உள்ள இருக்கு. இந்தக் கறுப்ப வாசப்படி ஏத்தாதீங்க" என்றேன்.

அவருக்கும் அது சரியாகத்தான் பட்டது. மொபெட் நிறுத்தும் கொட்டகையில், கூரைத் தகட்டுக்கும் சுவருக்கும் நடுவில் அதைச் செருகி வைத்தார். செவ்வாய்க்கிழமை கல்யாணப் பத்திரிகைகளோடு போனதால் அதைத் தொடவில்லை. புதனிலிருந்து அடைமழை. வெள்ளிக்கிழமைக்குள் வீட்டுக்குள் இருந்த பை காலியானது. பை காலியானதும் வேலை முடிந்தது என்றே நினைத்துவிட்டார். சனிக்கிழமை காலையில் மொபெட்டைத் துடைக்கும்போதுதான் கறுப்பு மூலை கண்ணில் பட்டது.

கருமாதி வெள்ளிக்கிழமையே முடிந்திருந்தது.

அன்னபூரணி அம்மாளுக்கு ஒரே அண்ணன், திருத்துறைப்பூண்டியில். நிலத் தகராறில் எட்டு வருடம் பேச்சில்லை. அந்த வீட்டிலிருந்து வரும் போனை அம்மாள் எடுப்பதே இல்லை. அண்ணன் செத்தது, எரித்த பிறகுதான் வேறு யாரோ சொல்லித் தெரிந்தது. "கருமாதிக்காவது முறையா சேதி அனுப்பட்டும், போறேன்" என்று தெருவெல்லாம் சொல்லியிருந்தார்.

அன்றே இவர் கொண்டுபோய்க் கொடுத்த உறையை வாசல் கேட்டருகிலேயே பிரித்துத் தேதியைப் பார்த்துவிட்டு அம்மாள் சொன்னாராம்: "நேத்து முடிஞ்சதுக்கு இன்னக்கி அழைப்பு. எங்க அண்ணி கெட்டிக்காரி." இவர் அந்த இடத்தில் வாயைத் திறந்திருக்கலாம். கையெழுத்தை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார்.

அதன் பிறகு மொபெட்டை நிறுத்தும்போதெல்லாம் அந்தக் கூரைச் சந்துக்குள் கையை விட்டுத் துழாவுவார். ஒன்றும் இருக்காது. மறுபடியும் துழாவுவார். தூக்கத்தில் "ஒண்ணு பாக்கி, ஒண்ணு பாக்கி" என்பார். தலத்தெருவைக் கடைசியாக வைத்துக்கொண்டு, அந்த வீட்டு வாசலில் ஹாரன் அடிக்காமல் கடந்துவருவார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று அவர் கிளம்பிய இரண்டு தடவையும் நான்தான் தடுத்தேன். "கவரு கூரையில கெடந்துச்சுன்னு தெரிஞ்சா நாளக்கி எவன் ஒங்ககிட்ட குடுப்பான்?"

இரண்டரை வருடம் கழித்து ஒரு வைகாசியில் என்னிடம் சொல்லாமலே போய்விட்டார். திரும்பி வந்தவர் மொபெட்டிலிருந்து இறங்கவில்லை.

"நம்ப மாட்டேங்குறாங்க ப்ரியா. 'அண்ணி எவ்வளவு குடுத்து அனுப்புனா'ன்னு கேக்குறாங்க. திங்கக்கெழம பை வந்த தாளக் காட்டுனேன். 'ஒன் பேப்பரு, ஒன் பேனா'ங்குறாங்க." மொபெட் சாவியைக் கழற்றினார். "நீ ஒரு தடவ வந்து சொல்றியா? பொம்பள சொன்னா நம்புவாங்க. வெளிய வைக்கச் சொன்னது நீதானே."

ஆனியில் வரும் மாங்கனித் திருவிழா முடியட்டும், வருகிறேன் என்றேன். திருவிழா முடிந்தது. பிறகு அவர் கேட்கவில்லை. நானும் போகவில்லை.

இந்த ஆவணியில் ஒரு மத்தியானம் மொபெட்டை ஓரங்கட்டி, பார்சல்கள் சரியாதபடி ஸ்டாண்டு போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். நாற்பத்து நாலு வயது. எழுந்திருக்கவில்லை. அவருடைய போனுக்கு இன்னமும் அழைப்பு வருகிறது. "போஸ்ட்மேன், நம்ம வீட்டுக்கு ஏதாவது வந்திருக்கா?" இல்லைங்க என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறேன்.

பதினாறு முடிந்து நாலாம் நாள் தலத்தெருவுக்குப் போனேன். நான் பிறத்தியார் வீட்டுப் படியேறக் கூடாத காலம். தெருவிலேயே நின்றேன். அன்னபூரணி அம்மாள் வந்து கேட்டைத் திறந்து, "உள்ள வாம்மா, எனக்கு அதெல்லாம் கெடையாது" என்றார். நான் நின்ற இடத்திலிருந்தே சொன்னேன்: மஞ்சள், வாசற்படி, கூரை, மழை, எல்லாம்.

"திங்கக்கெழமையே வந்துட்டுதா?"

"ஆமாங்கம்மா. உங்க அண்ணி நேரத்தோடதான் அனுப்பியிருந்தாங்க. நான்தான் உள்ள விடல."

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய்ப் போனை எடுத்து வந்து, அண்ணியின் நம்பரைத் தேடிப் போட்டார். காது சரியாகக் கேட்காததால் ஸ்பீக்கரில் வைத்திருந்தார். எடுத்தது அண்ணன் மகள் இனியா.

"யாரு, அத்தையா?" அந்தப் பக்கம் டிவிச் சத்தத்தைக் குறைத்தாள். "அம்மா போன தை மாசமே போயிட்டாங்க அத்த. அன்னக்கி ஒங்களுக்கு எத்தன தடவ அடிச்சோம். நீங்க எடுக்கவே இல்ல."

எதிர்முனையில் "அத்த, அத்த" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. அம்மாள் போனை அணைத்து மடியில் செருகிக்கொண்டார்.

"ஒன்னய வரச்சொல்லி அவரு எப்பம்மா கேட்டாரு?"

"போன வருஷம் வைகாசியில."

வைகாசியிலிருந்து தை வரைக்கும் அவர் விரலை மடக்கவில்லை. நான் மடக்கினேன்: எட்டு மாதம்.

"நல்ல மனுஷன்" என்றார் அம்மாள். என் கணவரைச் சொன்னாரோ, தன் அண்ணனைச் சொன்னாரோ, நான் கேட்கவில்லை. அவர் கேட்டைச் சாத்தவுமில்லை, என்னைப் போகச் சொல்லவுமில்லை.