தொண்ணூறு நாள்

மாட்டின் வாய்க்குள் முதலில் கைவிட்டவர் அண்ணன். இரண்டாவது நான். இந்த வரிசையை அன்று மாலையே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். மூன்று நாள் கழித்து அந்த ஒரு வரியைப் பத்துப் பதினைந்து தடவையாவது எடுத்துப் படிக்கப்போகிறேன் என்று அப்போது தெரியாது.

அறுபதுகளின் கடைசி அது. ஏரியூருக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். அண்ணன் நிலத்தைப் பார்த்துக்கொண்டார். நான் பென்னாகரத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர். கோப்பு வேலை போக, அலுவலக வளாகத்தில் இருந்த மழைமானியைக் காலை எட்டரை மணிக்குப் பார்த்து அளவு எழுதுவதும் என் பொறுப்பு. மழை இல்லாத நாளிலும் பூஜ்யம் என்று எழுத வேண்டும். அதை நான் ஒரு நாளும் தவறவிட்டதில்லை.

அந்த வயதில் எனக்கு இரண்டு கொள்கைகள் இருந்தன. சேலத்துப் பழைய புத்தகக் கடைகளில் வாங்கிய உடலியல், தத்துவப் புத்தகங்களிலிருந்து நானே திரட்டிக்கொண்டவை. ஒன்று: எதையும் அதற்குள்ள சான்றின் அளவுக்கு மேல் நம்பக் கூடாது. இரண்டு: தெரிந்ததை யாருக்காகவும் மாற்றிச் சொல்லக் கூடாது. ஞானஸ்நானம் பெற்றுப் புதுநன்மை வாங்கிய நான் முதல் கொள்கையின் பேரில் கோயிலுக்குப் போவதை நிறுத்தியிருந்தேன். அண்ணன் அதற்காகச் சண்டை போட்டதில்லை. உறவுக்காரர்கள் வந்தால் மட்டும் சொல்வார்: "எந்தம்பி பூசைக்கு வரமாட்டான். ஆனா ஆண்டவர் எத்தினி மழ குடுத்தாருன்னு அளந்து பாக்க ஞாயித்துக்கெழமகூட போவான்."

அண்ணன் வீட்டுப் பசு சினையாக இருந்தது, பால் வற்றியிருந்தது. ஒரு செவ்வாய்க்கிழமை தீவனத்தைத் தொடவில்லை. வாயிலிருந்து கயிறு கயிறாக எச்சில் ஒழுகியது. கத்த முயன்றது, குரல் பாதியில் கட்டிக்கொண்டது. எங்கள் பக்கம் குச்சிக்கிழங்கு என்னும் மரவள்ளி தோண்டும் காலத்தில் மாடு இப்படி நின்றால் எல்லோரும் நினைப்பது ஒன்றுதான்.

"குச்சிக்கெழங்கு சிக்கிக்கிச்சு" என்றார் அண்ணன். நாக்கைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடித்து முழங்கை வரைக்கும் கையை விட்டுத் துழாவினார். கடைவாய்ப் பல் முன்கையைச் சிராய்த்தது. ஒன்றும் அகப்படவில்லை.

"என்னுது ஒலக்க கை. உன்னுது பேனா புடிக்கற கை, ஒல்லியா இருக்குது. நீ உடு."

விட்டேன். சூடாக, வழவழப்பாக இருந்தது. கிழங்கு இல்லை. பென்சில் சீவும்போது பிளேடு கிழித்த காயம் என் ஆள்காட்டி விரலில் இருந்தது. வாய்க்கால் தண்ணீரில் இருவரும் கைகழுவிக்கொண்டு அவரவர் வேலைக்குப் போனோம்.

வியாழக்கிழமை பசு பின்னங்கால் இழுத்து விழுந்து செத்தது. ஊர் வழக்கப்படி அன்றே ஆழமாகக் குழி வெட்டி உப்புப் போட்டுப் புதைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கால்நடை மருத்துவரைத் தற்செயலாகக் கடைவீதியில் பார்த்து விவரம் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நாய் ஏதாச்சும் கடிச்சுதா?"

கடித்திருக்கலாம். இரண்டு மாதத்துக்கு முன் ஒரு நாய் மந்தையில் புகுந்து ஓடியது. அதை அடித்துக் கொன்று ஏரிக்கரையில் எறிந்தார்கள். எந்த மாட்டைக் கடித்தது என்று யாரும் பார்க்கவில்லை.

"வெறிநோய் மாதிரிதான் தெரியுது. மாட்டோட தலை இருந்தா சோதனைக்கு அனுப்பலாம். ஒரு நாள் மண்ணுக்குள்ள கெடந்தது இனி உதவாது. நீங்க ரெண்டு பேரும் ஊசி போட்டுக்கறது நல்லது" என்றார். பிறகு, பேச்சை முடிக்கும் விதமாக, "நிச்சயமாச் சொல்ல முடியாது" என்றார்.

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்பதை நான் புத்தகங்களில் பலமுறை படித்திருக்கிறேன். மேன்மையான வாக்கியமாகத் தோன்றும். வெயிலில் நின்று அதைக் கேட்டபிறகு, வாங்க வந்ததை வாங்காமலே வீட்டுக்குத் திரும்பினேன்.

அண்ணனுக்கு அந்த நோய் வெறும் ஒரு சொல். எனக்கு அது பத்தி பத்தியாகத் தெரியும். கிருமி இரத்தத்தில் போகாது, நரம்பு வழியாக நாளுக்குச் சில மில்லிமீட்டர் ஏறும், மூளையைத் தொட்டபின் மருந்து கிடையாது. அன்று வீட்டில் யாரும் இல்லை, மனைவி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். அலுவலக அளவுகோலை எடுத்து விரல் காயத்திலிருந்து தோள்வரை, தோளிலிருந்து பிடரிவரை அளந்தேன். அளந்து முடித்தபிறகுதான் அண்ணனின் சிராய்ப்பு என் காயத்தைவிட எவ்வளவு மேலே இருக்கிறது என்று உறைத்தது.

மறுநாளே தருமபுரி ஆஸ்பத்திரியில் ஊசி தொடங்கினேன். வயிற்றில், தொப்புளைச் சுற்றி, நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு. அண்ணன் வரவில்லை.

"ஊசி போட்டு ரெண்டு காலும் வெளங்காமப் போனவன நான் கண்ணாலப் பாத்திருக்கறன். பச்சில தின்னவன் எவனுக்காச்சும் காலு போச்சா?"

"பச்சில தின்னு செத்தவன் வந்து சொல்லமாட்டான்ண்ணா."

"ஊசி போட்டுச் செத்தவன் மட்டும் வந்து சொல்லுவானா?"

அந்த ஊசியால் அபூர்வமாகச் சிலருக்குக் கால் விழுவதுண்டு என்று ஆஸ்பத்திரி மருத்துவரே ஒப்புக்கொண்டிருந்தார். அண்ணன் வத்தல்மலைக்குப் போய், ஒரு வைத்தியரிடம் மூன்று நாள் பச்சிலைச் சாறு குடித்து, உப்பும் புளியும் கறியும் நீக்கி நாற்பத்தெட்டு நாள் பத்தியத்தோடு திரும்பினார். அந்தோணியாருக்கும் மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டார்.

என் நாட்குறிப்பில் ஒரு புதிய பத்தி தொடங்கியது. காலையில் எழுந்ததும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பேன். தொண்டை இறுகுகிறதா என்று கவனிப்பேன். "தண்ணீர்: இறங்கியது" என்று எழுதுவேன். டம்ளரைத் தூக்கும் அந்த நொடியில் தினமும் கை நடுங்கும். நடுக்கம் நோயின் அறிகுறியா, பயத்தின் அறிகுறியா என்று பிரிக்க முடியாமல் இன்னும் நடுங்கும். அதற்குப் பக்கத்தில் அண்ணனுக்கும் ஒரு கட்டம் போட்டேன். அதை நிரப்ப மாலைதோறும் அவர் வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கேட்பேன். சொம்பு வந்ததும் அவரிடம் நீட்டுவேன்.

அண்ணி இரண்டு வாரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏங் கொழுந்தனாரே, தாகம் உங்களுக்கா, அவருக்கா? தண்ணி கேக்கறது ஒருத்தரு, குடிக்கறது ஒருத்தரு."

"அவன் கவுர்மென்டு ஆளு" என்றார் அண்ணன். "கேட்டு வாங்கி இன்னொருத்தருக்குக் குடுத்தே பழக்கம்."

இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்துக்கொண்டே அவருடைய தொண்டைக்குழி ஏறி இறங்குவதைப் பார்த்தேன்.

மாட்டின் வாயில் கைவிட்டதிலிருந்து ஐம்பத்தேழாம் நாள். பத்தியம் முடிந்திருந்தது. அலுவலகம் விடுமுறை, மதியம் களியும் கோழிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அண்ணன் ஏதோ சொல்லிச் சிரித்தபடியே தண்ணீரை வாயில் ஊற்றினார். புரையேறியது. தண்ணீர் மூக்கில் வந்தது, கழுத்தைப் பிடித்துக்கொண்டு இருமினார். நான் எழுந்துவிட்டேன். என் வட்டில் கவிழ்ந்து குழம்பு தரையில் ஓடியது. அவரைத் தாங்கப் போகவில்லை. சுவரோரம் பின்னுக்கு நகர்ந்தேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

இருமல் நின்றது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அதன்பிறகு தண்ணீரைத் தொடவில்லை.

மறுநாள் அலுவலகம் கிளம்புமுன் என் வீட்டுக்கு வந்தார். சட்டைகூடப் போடவில்லை.

"நேத்து உம் மூஞ்சியப் பாத்தன்."

"ஒண்ணுமில்லண்ணா."

"ஒண்ணுமில்லாதவன் வட்டலக் கவுக்க மாட்டான். நான் இத்தினி நாளா நிம்மதியா இருந்தன். நேத்து ராத்திரி சொம்பக் கையில எடுத்தா எறங்கமாட்டங்குது. வந்துருச்சா?"

"இல்ல. அது பயந்தான். நோவுன்னா இந்நேரம் காய்ச்சல் இருக்கும்."

மேசைமேல் நாட்குறிப்பு திறந்திருந்தது. அண்ணனுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரியும். கட்டங்களின் மேல் விரலை ஓட்டினார். "அண்ணன்: இறங்கியது. அண்ணன்: இறங்கியது." விரல் கடைசிக் கட்டத்தில் நின்றது.

"என்னய இதுல போட்டிருக்கறியே, என்னக் கேட்டயா?"

நான் நாட்குறிப்பை மூடினேன்.

"ஒண்ணு மட்டும் கேளு. அப்பிடி எதாச்சும் ஆச்சுன்னா பொம்பளையவும் புள்ளைங்களையும் கிட்ட உடாத. என்னய மாட்டுக்கொட்டாயில தள்ளிக் கதவச் சாத்திரு. நீதான் சாத்தணும்." அவர் குரல் இயல்பாகத்தான் இருந்தது, நாளைக்கு எரு அடிக்க வண்டி வேண்டும் என்று சொல்வதுபோல. "இன்னும் எத்தினி நாளைக்குப் பயப்படணும்? உம் பொஸ்தகத்துல என்ன போட்டிருக்குது?"

புத்தகத்தில் போட்டிருந்தது இது: பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம், சிலருக்கு ஓராண்டு, அரிதாக அதற்கும் மேல்.

"தொண்ணூறு நாளு" என்றேன். "தாண்டிட்டா ஒண்ணுமில்ல."

"கண்டிப்பா?"

"கண்டிப்பா."

என் இரண்டாவது கொள்கையை நான் முறித்தது அந்த இடத்தில்தான். ஊசிக்கு இப்போதாவது வாருங்கள் என்று அன்றும் கேட்டேன். இத்தனை நாள் கழித்து எதற்கு என்று மறுத்துவிட்டார். நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். வற்புறுத்தினால் தொண்ணூறு நாள் என்பதே சந்தேகமாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஒரு பொய்யைக் காப்பாற்ற அதைவிடப் பெரிய தவறு தேவைப்பட்டது.

மீதி முப்பத்திரண்டு நாளும் அண்ணன் தனி வட்டிலில் தனியாகச் சாப்பிட்டார். குழந்தைகளை மடியில் வைக்கவில்லை. தண்ணீர் குடிக்கும்போது சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார். இளைத்துப்போனார். அவரிடம் இல்லாத ஒன்றை நான் அவருக்குத் தொற்றவைத்திருந்தேன்.

தொண்ணூறாம் நாள் முடிந்த காலை அவர் என் வீட்டுக்கு வந்து, என் எதிரே நின்று, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். பிறகு உட்கார்ந்து அழுதார். மலை வைத்தியரை நினைத்துக்கொண்டார், அந்தோணியாரை நினைத்துக்கொண்டார். கடைசியில் என் தோளைத் தட்டினார். "நான் உம் பொஸ்தகத்தக் கிண்டல் பண்ணுவன். நாளுக் கணக்குகூட எழுதி வெச்சிருக்கறானுங்க பாரு. சரியாப் போச்சு."

அவர் வாழ்நாளில் முதன்முறையாக அறிவியலை நம்பினார். நான் சொன்ன பொய்யின் பேரில். அன்று அவரோடு கோயிலுக்குப் போய்ப் பின்வரிசையில் முழந்தாளிட்டேன். எதை நம்புகிறேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஊசி என்னைக் காப்பாற்றியதா, பச்சிலை அவரைக் காப்பாற்றியதா, பசுவுக்கு அந்த நோயே இல்லையா? மூன்றையும் பிரித்துக் காட்டும் சான்று உப்போடு மண்ணுக்குள் போயிருந்தது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், நான் இன்னும் பயந்துகொண்டிருக்கிறேன் என்பது. கட்டங்களை அவருக்குத் தெரியாமல் தொடர்ந்து நிரப்பிவந்தேன்.

ஓராண்டு போய் இரண்டு மாதம் இருக்கும். அண்ணனின் நிலத்தில் கடலைக்காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது அண்ணன், வேலைக்கு வந்திருந்த ஒரு பெண்ணைக் காட்டிச் சொன்னார்.

"இந்தப் புள்ளய நாய் கடிச்சு எழுவத்தாறு நாளாச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறன்னு அழுதுச்சு. நான்தான் சொன்னன், மலைக்குப் போயி பச்சில தின்னுட்டு வா, தொண்ணூறு தாண்டிட்டா ஒண்ணுமில்ல, எந்தம்பி பொஸ்தகத்துலயே இருக்குதுன்னு. இன்னும் பதினாலு நாளுதான்."

அந்தப் பெண் என்னைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தாள். கெண்டைக்காலில் பல் பதிந்த தழும்பு தெரிந்தது. நாய் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"அன்னிக்கே அடிச்சுக் கொன்னுட்டாங்க சார்."

நாய்க்கு நோய் இருந்ததா என்று இனிப் பார்க்க வழியில்லை. அண்ணனை வரப்போரமாக அழைத்துப் போனேன். புத்தகத்தில் உள்ளதை உள்ளபடி, அந்த மூன்று வரிகளையும் சொன்னேன். அவர் கையிலிருந்த கடலைச்செடியின் மண்ணை உதறிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நானு?"

"வருசந் தாண்டிருச்சுண்ணா. அனேகமா ஒண்ணுமில்ல."

"அனேகமாவா?"

"அனேகமாத்தான். அதுக்குமேல எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது."

அவர் என்னை அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. செடியைக் கீழே போட்டுவிட்டு வரப்பிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். பொத்தான்கூடப் போடவில்லை. பிறகு நேராக அந்தப் பெண்ணிடம் போனார்.

"எந்திரிம்மா. தொண்ணூறு நாளுன்னு நான் சொன்னது பொய்யி. எத்தினி நாளுன்னு யாருக்குமே தெரியாதாம். தெரியாதுங்கறதாலதான் இன்னிக்கே போவணும். மொகங் கழுவிக்கிட்டு வா, ஒரு மணி பஸ்ஸு போனா அப்பறம் இல்ல."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையசைத்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நீயும் வா. டாக்டருகிட்ட சரியாச் சொல்லணும்."